நாற்பதுக்கு எட்டு குறைவு

அன்றைக்கு வெளியே போகலாம் என்று முதலில் சொன்னது யார் என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. தீபலட்சுமிதான் சொன்னாள் என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். "இங்க ரொம்பக் குளிருதுங்க" என்ற அவள் குரல், சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்ட அவள் கை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் நான் பல்லாவரத்தில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் பிழை திருத்துகிறவன். ஒரே வரியைப் பத்து முறை படித்தால், அதில் இல்லாத சொல்லையும் கண் தானாகப் போட்டுப் படித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். தவறாக இருக்கலாம்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து நான்கு தெரு உள்ளே தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தோம். முப்பத்தாறு படிகள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. தீபா பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கணக்கு எடுத்தாள். மாலையில் வந்ததும் விடைத்தாள் கட்டைப் பிரிப்பாள். நான் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு மணி நேரம் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டோம். அப்போது அது எங்களுக்குப் பிடித்திருந்தது.

நாற்பத்தோராவது வயதில் ஒருநாள் வகுப்பில் சாக்பீஸ் அவள் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், விரல்கள் மடங்கவில்லை. அடுத்த மாதம் மேடையிலிருந்து இறங்கும்போது இடது கால் இருக்கிற இடம் தெரியாமல் விழுந்தாள். பிள்ளைகள் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் அழுதார்களாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டர், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடுகிற நோய். குணமாகாது, கட்டுக்குள் வைத்திருக்கலாம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை, ஆயுள் முழுக்க.

பார்த்தால் தெரியாத நோய் அது. கீழ் வீட்டு கீதா, "டீச்சர் என்னைவிட நல்லா இருக்காங்களே" என்பாள். உண்மைதான். காலை ஏழு மணிக்கு அவளைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உடம்பில் சூடு ஏறினால்தான் தெரியும். வெயிலில் பத்து நிமிடம் நின்றாலோ, சமையலறையில் குக்கர் பக்கம் அதிக நேரம் இருந்தாலோ கால்கள் துணிபோல ஆகிவிடும். பார்வை மங்கும், பேச்சு இழுக்கும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்தால் அரை மணியில் எல்லாம் திரும்பி வந்துவிடும். சூட்டினால் வருவது தற்காலிகம்தான், அதனால் நரம்புக்கு நிரந்தரக் கேடு எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வாக்கியத்தை நாங்கள் இருவரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். பின்னால் அது எங்களுக்கு ரொம்பப் பயன்பட்டது.

பள்ளியில் அவளை ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னார்கள், சால்வை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டைவிட்டு இறங்குவது மாதத்தில் இரண்டு முறை. முப்பத்தாறு படி இறங்கினால் முப்பத்தாறு படி ஏற வேண்டும் என்பதால் அதையும் குறைத்துக்கொண்டாள். என்னிடம் எதுவும் கேட்கமாட்டாள். போனுக்கு ரீசார்ஜ் முடிந்து நான்கு நாள் ஆகியிருக்கும், யாரோ கூப்பிட்டும் கிடைக்கவில்லை என்று எனக்குச் சொல்லும்போதுதான் தெரியும். பதினான்கு வருடம் தன் சம்பளத்தைத் தானே வாங்கியவள்.

ஒருநாள் மாத்திரை டப்பாவை எடுத்துப் பார்த்தேன். தீர்ந்திருக்க வேண்டிய டப்பா பாதி இருந்தது.

"என்ன இது?"

"ஒரு வேளை போட்டா போதும்னு தோணுச்சு."

"டாக்டரா சொன்னாரு?"

"டாக்டரா வாங்கித் தர்றாரு?"

டப்பாவை மூடி வைத்தேன். அந்த வருடம் அச்சகத்தில் வழிகாட்டி நூல்கள் விற்பனை விழுந்து எங்கள் எல்லோருக்கும் சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவள் எப்படியோ கண்டுபிடித்திருந்தாள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். எங்களுக்குப் பிடித்திருந்த அந்த அமைதி அந்த வாரத்தில்தான் வேறு ஏதோவாக மாறியது.

வாரக் கடைசியில் அவளே போனை நீட்டினாள். அவளுடைய நோய் உள்ளவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. அதற்கு மாற்றுத்திறனாளி என்று மருத்துவக் குழு சான்றிதழ் தரவேண்டும். பாதிப்பு நாற்பது சதவீதமாவது இருக்க வேண்டும்.

"என் பேர்ல, என் அக்கவுண்ட்ல வரும்" என்றாள். "மாத்திரைய நானே வாங்கிக்குவேன். ரெண்டு வேளையும் போட்டுக்குவேன். நீங்க டப்பாவத் தொறந்து பார்க்க வேணாம்."

*

பொங்கல் முடிந்த வாரம் முகாம் நடந்தது. மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் போகும் சாலையில் ஒரு திருமண மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் எப்படிப் போவார்களோ அப்படிப் போனோம். அவள் களைத்துவிடக் கூடாது என்று ஏசி கார் பிடித்தேன். ஃபிளாஸ்கில் ஐஸ் தண்ணீர், கழுத்துக்கு ஈரத்துண்டு. அவள் முதல்நாளே தலைக்குக் குளித்து, பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டுகிற அரக்கு நிறக் காட்டன் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். எல்லா ரிப்போர்ட்டும் தேதிவாரியாகக் கோப்பில். அதிகாரிகள் முன்னால் அலங்கோலமாகப் போய் நிற்கக்கூடாது என்பது எங்கள் இருவர் வீட்டிலும் சொல்லித் தந்த பாடம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்தவன் பெயர் வெற்றிவேல். முப்பது வயதிருக்கும். சிறுவயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போயிருந்தன. கீழ்க்கட்டளையில் மொபைல் கவர் விற்கும் கடை வைத்திருந்தான். மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து, இறங்கி, கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்து வந்திருந்தான். தீபாவை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாக்கா, யாருக்கு? சாருக்கா?"

"எனக்குத்தான்."

"ஒனக்கா? கல்யாணத்துக்கு வந்தவங்க ரூம் மாறி வந்துட்டாங்கன்னு நெனச்சேன்." அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். "தப்பா நெனச்சுக்காத. எனக்கு இது நாலாவது தபா. ஒவ்வொரு தபாவும் காலு மொளச்சுக்கிச்சான்னு பாத்துகினுகீறாங்க. பழைய அட்டைய மாத்தி புச்சு குடுக்கறதுக்கு இம்மாம் பேஜாரு. எனக்கே இப்பிடின்னா, ஒனக்கு எப்பிடிக்கா? வெளிய ஒண்ணும் தெரியலியே."

"ரிப்போர்ட் எல்லாம் இருக்குப்பா."

"ரிப்போர்ட்டா நடந்து காட்டப் போவுது? உள்ள போனா கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு நட. சாரோட கையப் புட்ச்சுக்கோ."

"நடிக்கல்லாம் எனக்கு வராது."

"யாருக்குத்தான் வருது? நான் ஒரு தபா நல்லா நிக்கற மாரி நடிச்சுப் பாத்தேன். வுழுந்துட்டேன்."

உள்ளே நரம்பியல் டாக்டர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஆனால் குரல் நல்ல குரல்.

"என் விரலைத் தொட்டு உங்க மூக்கைத் தொடுங்க. வேகமா."

தீபா தொட்டாள். ஒரு முறைகூடத் தவறவில்லை.

"கண்ணை மூடிட்டு நில்லுங்க."

நின்றாள்.

"குதிகாலும் விரலும் ஒட்டற மாதிரி ஒரே கோட்டுல நடங்க."

தரையில் பதித்திருந்த ஓடுகளின் கோட்டைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பத்து அடி நடந்தாள். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். திரும்பும்போது லேசாகத் தடுமாறினாள். உடனே சரிசெய்துகொண்டு டாக்டரைப் பார்த்தாள், தடுமாறியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதைப் போல.

"வெரி குட். தினசரி வேலையெல்லாம்?"

"வெயில்ல போனா மட்டும்தான் முடியாது மேடம். மத்தபடி மேனேஜ் பண்ணிக்கறேன்."

டாக்டர் எழுதினார். அவர் எழுதுவதை தீபா மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படிக்க முயன்றாள். அப்போதும் அவள் முகம் மலர்ந்துதான் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பரீட்சை எழுதியவள், பரீட்சை வைத்தவள். எதிரில் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து கேள்வி கேட்டால் அவளுக்குச் சரியான விடை சொல்லத்தான் தெரியும்.

கணினி முன்னால் இருந்த கிறிஸ்டி என்ற பெண், சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்தாள். முப்பத்திரண்டு சதவீதம்.

"நாப்பது இருந்தாதான் உதவித்தொகைக்குப் போடலாம் மேடம்" என்றாள் கிறிஸ்டி, மெதுவாக. "மூணு மாசம் கழிச்சு மறுபடி அப்ளை பண்ணலாம்."

காரில் ஏறியதும் தீபா சான்றிதழைக் கோப்பில் தேதிவாரியாகச் செருகினாள். செம்பாக்கம் ஏரி தாண்டியதும், "எல்லாத்தையும் கரெக்டா பண்ணேன்ல?" என்றாள்.

"பண்ணே."

"அதான் ஃபெயில்."

*

அதற்குப் பிறகு மாத்திரையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் இரவு மாத்திரையைப் போடவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இரவில் நான் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் தண்ணீர் குடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். வராது. பக்கத்தைத் திருப்புவேன், என்ன படித்தேன் என்று தெரியாது. இரண்டு அறை வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பது சுலபமாக இல்லை. சுவர்களெல்லாம் கொஞ்சம் உள்ளே நகர்ந்துவிட்டதைப்போல இருந்தது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனது. இரண்டு மணி நேரம் வரவில்லை. மொட்டை மாடிச் சூடு வீட்டுக்குள் இறங்கியது. தீபா குளியலறையிலிருந்து வந்தவள் பாதி வழியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் நகரவில்லை. நான் தூக்கி வந்து சோபாவில் படுக்க வைத்தேன். வாளியில் துண்டை நனைத்து எடுத்தேன்.

"இருங்க" என்றாள். நாக்கு இழுத்தது. "இப்ப அந்த டாக்டரம்மா பாத்திருக்கணும்."

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். வாளியில் தண்ணீர் சொட்டியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மின்சாரம் வந்ததும் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அப்போதுதான் துண்டைக் கழுத்தில் போட்டேன்.

அன்று மாலை அவள் தேறி எழுந்து காபி போட்டாள். தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நடிக்கறது தப்பு. ஆனா இது நடிப்பு இல்லையே. எனக்கு இருக்கறதுதான் இது."

"ஆமா."

"சூட்டால நரம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"சொல்லியிருக்காரு."

இப்படித்தான் முடிவானது. பொய் சொல்லத் தெரியாத இரண்டு பேர், உண்மையை வேண்டிய நேரத்தில் வரவழைத்துக் காட்டலாம் என்று முடிவு செய்தோம். வெற்றிவேல் சொன்னபடி கொஞ்சம் சாய்ந்து நடந்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது.

*

அதே மண்டபத்தில் இரண்டாவது முகாமுக்கு மே மாதம் இரண்டாவது புதன்கிழமை தேதி கொடுத்தார்கள். கத்திரி வெயில். குறுஞ்செய்தி வந்ததும் அவள் நாள்காட்டியில் வட்டம் போட்டாள். பள்ளியில் பரீட்சைத் தேதிகளுக்குப் போடுகிற அதே சிவப்பு வட்டம்.

இந்த முறை கார் இல்லை. ஃபிளாஸ்க் இல்லை, துண்டு இல்லை. பழைய வாயில் புடவை. பத்தரை மணிக்குக் கேம்ப் ரோட்டில் வேளச்சேரி பஸ் ஏறினோம். பழக்கத்தில் நான் குடையைப் பையில் வைத்திருந்தேன். பஸ்ஸில் அவள் பைக்குள் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்றாள்.

"கை தானா எடுத்துடுச்சு."

மேடவாக்கம் கூட்ரோட்டில் இறங்கினோம். மேம்பாலத்துக்குக் கீழே நிழலில் ஐம்பது பேர் பஸ்ஸுக்காக நின்றார்கள். நாங்கள் அந்த நிழலைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். மெட்ரோ வேலைக்கு வைத்த நீலத் தகடுகள் சாலையோரம் நீளமாகப் போயின. தகடுகளிலிருந்து அனல் அடித்தது. மணல் லாரி ஒன்று எங்கள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் வரல."

கொஞ்ச தூரம் போனதும், "இப்ப?"

"இடது கால்ல ஆரம்பிக்குது."

நான் தலையாட்டினேன். ஏதோ சமையல் பக்குவம் பார்ப்பதுபோல நாங்கள் பேசிக்கொண்டோம். ஒரு டீக்கடைக்காரர், "சார், அம்மாவ இப்பிடி நெழல்ல உக்கார வைங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "பரவாயில்லைங்க, பக்கத்துலதான்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதில் சந்தேகம் இல்லை.

மண்டபத்தை அடைந்தபோது அவள் என் தோளில் முழுக்கச் சாய்ந்திருந்தாள். பெயர்ப் பலகையைப் படிக்க முடியவில்லை என்றாள். சரியான நேரத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கதவைத் தள்ளியதும் முகத்தில் குளிர் அடித்தது. ஜனவரிக்கும் மேக்கும் இடையில் மண்டபக்காரர்கள் ஏசி போட்டிருந்தார்கள். வெயிலில் வருகிற நோயாளிகளுக்காக அன்றைக்கு முழுவதுமாக ஓடவிட்டிருந்தார்கள். தன்னார்வப் பெண் ஒருத்தி ஓடி வந்து தீபாவை ஏசிக்கு நேர் கீழே உட்கார வைத்தாள், மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கிறிஸ்டி எங்களை அடையாளம் கண்டு சிரித்தாள். எங்கள் டோக்கன் நாற்பத்தேழு. உள்ளே பதினெட்டு போய்க்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் தீபாவின் பார்வை திரும்பியது. எதிர்ச் சுவரில் இருந்த மணமக்கள் வாழ்த்துப் பலகையைத் தெளிவாகப் படித்தாள். காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். கால் சொன்னபடி கேட்டது. அவள் கண்ணில் நீர் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, உடம்பு சரியானதற்காக அவள் அழுததைப் பார்த்தேன்.

டோக்கன் முப்பத்து நான்கு.

இங்கேதான் எனக்கு நினைவு நிற்கவில்லை. "இங்க ரொம்பக் குளிருதுங்க" என்று அவள் சொன்னாள். அல்லது நான், "கொஞ்சம் வெளியில உக்காரலாமா?" என்றேன். இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும்.

பின்பக்கம் ஜெனரேட்டர் வைத்திருந்த சிமெண்ட் தளத்துக்குப் போனோம். அங்கே நிழல் இல்லை. ஜெனரேட்டரின் சூடும் சேர்ந்துகொண்டது. அவள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையை அதில் மாட்டினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"டோக்கன் எங்க போகுதுன்னு பாத்துட்டு வாங்க" என்றாள். "கால்ல வந்துடுச்சு. இப்ப கூப்பிட்டா சரியா இருக்கும்."

அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன். உள்ளே நாற்பத்தொன்று. திரும்பி நடக்கும்போது ஏசிக் காற்றில் ஒரு நிமிடம் நின்றேன். எனக்கு வேர்த்திருந்தது. ஒரு நிமிடம்தான்.

பின்பக்கக் கதவைத் திறந்தபோது அவள் தரையில் இருந்தாள். இடது கால் பார்க்கக்கூடாத விதத்தில் திரும்பியிருந்தது. பக்கத்தில் வெற்றிவேல், தரையில் உட்கார்ந்து, எங்கள் குடையை விரித்து அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது ஐந்தாவது முகாம். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரில் இருந்தவன், அவள் விழுந்ததைப் பார்த்துக் கொதிக்கிற சிமெண்டில் கைகளை ஊன்றி வந்திருக்கிறான்.

"சார்" என்றான். "பையில கொடைய வெச்சுகினு இன்னா சார் பண்ணிகினு இருந்தீங்க?"

டாக்டரைக் கூப்பிட உள்ளே ஓடினேன்.

ஜனவரியில் பார்த்த அதே டாக்டர் ஓடி வந்தார். மண்டியிட்டு இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. தொடை எலும்பு மாதிரி இருக்கு." அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உள்ள ஏசி இருக்கே, இந்த வெயில்ல ஏன் நிக்க வச்சீங்க?" என்றார்.

தீபா அவர் கையைப் பிடித்தாள். பேச்சு குழறியது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"மேடம், என் டோக்கன் நாப்பத்தேழு."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா."

"இப்பவே பாத்துடுங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தினா ஏசி போட்டுடுவாங்க. சரியாயிடும்."

டாக்டருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவர் முகம் மாறியது. கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எலும்பு முறிவு இந்த ஃபார்ம்ல வராதும்மா" என்றார், தணிந்த குரலில்.

"மத்த காலப் பாருங்க மேடம். அது ஒடயல."

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிவேல் குடையைப் பிடித்திருந்தான். டாக்டர் கோட்டுப் பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து, சிமெண்டில் கிடந்தவளின் வலது முழங்காலில் தட்டினார். பாதத்தில் சாவியால் கோடு இழுத்தார். காலைத் தூக்கச் சொன்னார். அவளால் தூக்க முடியவில்லை. விரலைக் காட்டி மூக்கைத் தொடச் சொன்னார். தீபாவின் விரல் காற்றில் அலைந்து கன்னத்தில் இடித்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றையும் அவள் தவறாகச் செய்தாள். ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் என்னைப் பார்த்தாள். முதல் முகாமில் டாக்டரைப் பார்த்தாளே, அதே முகம்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துவதற்கு முன்னால் கிறிஸ்டி ஒரு தாளோடு ஓடி வந்து என்னிடம் கொடுத்தாள். நாற்பத்தாறு சதவீதம்.

*

தொடை எலும்புக்குத் தகடு வைத்தார்கள். ஏழு வாரம் அவள் படுக்கையில் இருந்தாள். அந்த நாட்களில் ஒருமுறை கேட்டேன். வெளியே போகலாம் என்று யார் சொன்னது, நீயா நானா?

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வராது என்று நினைத்துப் புத்தகத்தை எடுத்தேன்.

"யாரும் சொல்லல" என்றாள். "ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்தோம்."

அது உண்மையா, எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

வெற்றிவேலுக்குப் புது அட்டை கிடைத்தது. மெட்ரோ வேலையால் கடையைச் சாலையின் எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டான். அந்தக் குடை அவனிடமே இருக்கிறது, நான் கேட்கவில்லை. டாக்டர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கிறிஸ்டி முகாம்களில் அச்செடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சேலையூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் தரைத்தள வீட்டுக்கு வந்துவிட்டோம். தீபா வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறாள், வெளியே நடப்பதில்லை. உதவித்தொகை நவம்பரிலிருந்து அவள் கணக்கில் வருகிறது. மாத்திரையை அவளே போனில் வரவழைத்துக் காலையிலும் இரவிலும் போட்டுக்கொள்கிறாள். டப்பாவை நான் திறந்து பார்ப்பதில்லை. சான்றிதழ் ஐந்து வருடத்துக்குச் செல்லும், அதன் பிறகு மறுபடி போய்க் காட்ட வேண்டும். நான் அதே அச்சகத்தில்தான் வேலை செய்கிறேன்.